வாய் பிரித்த மூட்டைகள்

ஐப்பசி 6, திங்கள்

இன்றும் மழை. இன்றும் பொதிமாடுகள் வரவில்லை.

இந்தக் கூத்தன்பாறைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கோட்டை என்று பட்டணத்துத் துரைமார் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்; அதனால் நானும் கோட்டை என்றே எழுதுகிறேன். நான்கு மண் சுவர், துருப்பிடித்த இரண்டு பீரங்கி, நூற்றிருபது சிப்பாய்கள், அவர்களில் சிலருடைய பெண்டாட்டி பிள்ளைகள், ஒரு துரை, ஒரு துபாஷி. பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் அந்தத் துபாஷி நான்தான். மாசிலாமணி, ஊர் நாகப்பட்டினம், பாதிரியாரிடம் ஆங்கிலம் படித்தவன். நாள் தவறாமல் எழுது, மனம் சுத்தமாக இருக்கும் என்று அந்தப் பாதிரியார்தான் சொன்னார். மனம் எப்படியோ, கையெழுத்து நன்றாக இருக்கிறது.

மேற்கே மலைக்காடு முழுவதும் பெத்தண்ண நாயக்கரின் பாளையம். பட்டணத்துக்குப் பணிய மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நமக்கு அரிசி வரும் கணவாயை மரம் வெட்டிப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார். மிச்ச வழியை மழை அடைத்துவிட்டது. இன்று முதல் ஆளுக்கு அரைப்படி அரிசி. வெடிமருந்துப் பீப்பாயில் பாதி நனைந்து களியாகிவிட்டது. சிப்பாய்களின் செருப்பு வார் அறுந்து பாதிப்பேர் வெறுங்காலோடு காவல் நிற்கிறார்கள். இதையெல்லாம் பட்டணத்துக்கு எழுதினால், சென்ற மாதம் அனுப்பிய தோல் தொப்பிகள் வந்து சேர்ந்தனவா என்று பதில் வருகிறது.

ஹாலம் துரை புதிது. முந்தைய துரை காய்ச்சலில் போன பிறகு, கப்பலிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்தவர். அவருக்குத் தமிழில் ‘சீக்கிரம்’ என்ற ஒரு சொல் தெரியும். சுபேதார் மீரான் சாயபுவுக்கு ஆங்கிலத்தில் கவாத்துக்கு வேண்டிய ஆறு சொல் தெரியும். என் மனைவி ராகேல் சிறு வயதில் வெள்ளைக்காரப் பாதிரி வீட்டில் வேலை செய்தவள். வெங்காயம், வெந்நீர், துவைத்த துணி என்கிற அளவுக்குச் சமையலறை ஆங்கிலம். ஆகவே இந்தக் கோட்டையில் துரையின் காதுக்குப் போகிற வழி என் வாய் ஒன்றுதான். இதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஐப்பசி 9, வியாழன்

ஓடையில் நீர் எடுக்கும் மடுவில் யாரோ கள்ளியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பதினோரு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அவர் கண்ணில் இனி எல்லாமே விஷம்தான். வெந்நீரைக்கூட முதலில் நான் குடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மாலையில் எல்லோரையும் நிறுத்தி ஓர் உத்தரவு போட்டார். வீடுகளில் இருக்கும் தானியம் எல்லாம், ஒரு படியானாலும், நாளைக்குள் பொதுக் கிடங்குக்கு வர வேண்டும். ஒளித்து வைத்தவன் சிப்பாயானாலும் உத்தியோகஸ்தனானாலும் தூக்கு. அதைத் தமிழில் உரக்கச் சொன்னது நான்தான். நன்றாகவே சொன்னேன். பின்வரிசைப் பெண்கள்கூட நடுங்கினார்கள்.

ஐப்பசி 10, வெள்ளி

கட்டிலுக்கு அடியில் இருக்கும் பானையைப் பதுக்கல் என்று சொல்ல முடியாது. அது ராகேலின் தாய் வீட்டிலிருந்து வந்த சீர்.

ஐப்பசி 13, திங்கள்

மழை விட்டது. இரண்டு செய்திகள்.

ஒன்று, பட்டணத்துக் கடிதம். தபால்காரன் காட்டைச் சுற்றி ஒன்பது நாள் நடந்து வந்திருக்கிறான். அரிசி தை பிறந்த பிறகுதான் புறப்படுமாம், பெரிய பீரங்கிகளோடும் இன்னொரு பட்டாளத்தோடும். அதுவரை பாளையக்காரனோடு சமாதானம் பேசிக்கொண்டே இரு, எதையும் முடிக்காதே, ஆனால் முடியப் போகிறது என்று நம்ப வை. துரை இதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, நீ எதையும் படிக்கவில்லை என்றார். நான் எதையும் படிக்கவில்லை.

இரண்டு, மத்தியானம் வேப்பங்குலையை உயர்த்திப் பிடித்தபடி பாளையத்திலிருந்து ஒரு தூதன் வந்தான். சமாதானம் பேச அவர்களும் தயார். நம்பிக்கைக்குப் பக்கத்துக்கு ஒருவரைப் பிணையாக மாற்றிக்கொள்வது. பிறகு அவர்கள் அரிசி அனுப்புவார்கள். அரிசியை நாம் ஏற்றுக்கொண்ட மூன்றாம் நாள் பிணையாட்கள் அவரவர் இடம் திரும்புவார்கள், கணவாய் திறக்கும்.

துரை சிரித்தார். அவர்களும் இழுத்தடிக்கத்தான் பார்க்கிறார்கள் என்றார். நம்மைப் போலவே என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஐப்பசி 15, புதன்

ஆளுக்கு உழக்கு. புளி தீர்ந்தது. ராகேல் கஞ்சியில் கல் உப்பை எண்ணிப் போடுகிறாள்.

அவள் தம்பி யாக்கோபு இங்கே அவில்தார். இருபத்தாறு வயது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பவன், பொய் சொல்லத் தெரியாதவன். அக்காளுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தவன் கட்டிலுக்குக் கீழே விழுந்த தன் பொத்தானைத் தேடிக் குனிந்தான். எழுந்திருக்கும்போது முகம் மாறியிருந்தது.

“இது என்ன அத்தான்?”

“உங்க அம்மா குடுத்தனுப்புனது. உன் அக்காவோட உடம்புக்காக வச்சிருக்கேன்.”

“இருபது படி இருக்கும் போலிருக்கே. அங்க ஆஸ்பத்திரிக் கொட்டாயில ஒன்பது பேர் வெறும் கஞ்சித் தண்ணியக் குடிச்சிட்டுக் கிடக்கிறாங்க.”

“சத்தம் போடாதே.”

“அந்த உத்தரவ நீங்கதானே நின்னு சொன்னீங்க! நானே கேட்டேனே!” அவன் அக்காளைப் பார்த்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்குள்ள நீங்களாவே கொண்டுபோய்க் கிடங்குல போட்டுடுங்க. யாரும் ஏன்னு கேக்காம நான் பாத்துக்கிறேன். இல்லேன்னா சுபேதார்கிட்ட நானே சொல்ல வேண்டி வரும். அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க.”

என் கண் முன்னால் கோவணத்தோடு ஓடித் திரிந்தவன் எனக்கு நாள் குறிக்கிறான். இந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து நன்றாக இல்லை.

ஐப்பசி 16, வியாழன்

செருப்புக்குத் தோல் இல்லை என்று இறந்த பொதிமாட்டின் தோலை உரித்தார்கள். இறைச்சி தின்பவர்கள் தின்றார்கள். பானையில் இரண்டு விரற்கடை அரிசி குறைந்திருக்கிறது. எலியாக இருக்கும். ஆனால் மேலே கட்டிய துணி கிழியவில்லை.

ஐப்பசி 18, சனி

பிணை மாற்றம் நடந்தது.

நம் பக்கம் யாரை அனுப்புவது என்று துரை காலையில் என்னிடம் கேட்டார். இங்கே இரண்டு மாதமாக இருந்தும் அவருக்கு ஆட்களின் பெயர் தெரியாது. பயப்படாதவன், மரியாதை தெரிந்தவன், ஆங்கிலச் சட்டை போட்டால் எடுப்பாக இருப்பவன் வேண்டும் என்றார். இத்தனை குணமும் உள்ளவன் ஒருவன்தான். அவன் என் மைத்துனன் என்றாலும் பாரபட்சம் பார்க்காமல் அவன் பெயரைச் சொன்னேன். சொந்த வீட்டு ஆளையே அனுப்புகிறாயே என்று துரை என் தோளைத் தட்டினார்.

யாக்கோபு ஆங்கிலச் சட்டையை மாட்டிக்கொண்டான். புறப்படும் முன் வீட்டுக்கு வந்து அக்காளிடம் ஜெபம் வாங்கிக்கொண்டான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அத்தான்” என்றான். அவ்வளவுதான். ஓடையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ராகேல் இன்று என்னோடு பேசவில்லை. அவளுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை போலும்.

ஐப்பசி 19, ஞாயிறு

அவர்கள் அனுப்பிய பிணை, பாளையக்காரரின் சிற்றப்பா கொண்டம நாயக்கர். அறுபது வயதுக்கு மேல். ஒரு காதில் கடுக்கன், இன்னொரு காது பாதிதான் இருக்கிறது. மீதியைப் புலி எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். துரை அவரை என் வீட்டுப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார், வாசலில் ஒரு சிப்பாய் காவல்.

மனிதர் வாய் ஓயாது. நம் கஞ்சியைக் குடித்துவிட்டு, “ஏன் துபாசியாரே, இதுல அரிசிய எந்தப் பக்கமாத் தேடணும்?” என்று கேட்டார். ராகேல்கூடச் சிரித்துவிட்டாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான்.

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

“எங்க அரிசி வரும்போது ஒவ்வொரு மூட்டையும் வாய் பிரிச்சுத் தச்சிருக்கும். பாத்துட்டுப் பதறிடாதீங்க. பகை தீர்றதுக்கு அரிசி அனுப்புனா, மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து அரமனை அடுப்புல போட்டுருவோம். இங்க நீங்க தின்ன சோறும் அங்க எங்க ராசா தின்ன சோறும் ஒரே மூட்டைச் சோறாயிரும். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் கத்தி எடுக்கக் கூடாது. எடுத்தவன் குடும்பம் வெளங்காது.”

“நல்ல வழக்கம்தான்.”

“உங்க துரை புதுசு. அவருக்கு இது புரியாது. நீங்க முன்கூட்டியே அவர் காதுல போட்டு வைங்க.”

“சொல்றேன்” என்றேன்.

இன்று ஞாயிறு, துரை வேட்டைக்குப் போய்விட்டார். நாளை சொல்ல வேண்டும்.

ஐப்பசி 20, திங்கள்

துரைக்குத் தலைவலி.

ஐப்பசி 21, செவ்வாய்

குதிரைக்கு வைத்திருந்த கொள்ளுப் பயற்றை இன்று மனிதர்களுக்கு அளந்து விட்டார்கள். வேகவே இல்லை, பல் நோகிறது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மேலும் ஒருவன் போய்விட்டான், திருச்சிராப்பள்ளிப் பக்கத்து ஆள். அவன் மனைவி சுவரோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். சத்தமாக அழ அவளுக்குத் தெம்பு இல்லை.

சிப்பாய்கள் சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பாளையத்தான் அரிசி தருவான் என்று பாதிப்பேர், கழுத்தை அறுப்பான் என்று பாதிப்பேர். இரண்டு பாதியும் ஓடையின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ராகேல் கேட்டாள்: “அரிசி வந்து மூணாம் நாள் யாக்கோபு வந்துடுவானா?”

“ஏத்துக்கிட்டா வந்துடுவான்.”

“ஏத்துக்காம என்ன?” என்றாள்.

ஐப்பசி 22, புதன்

துரையிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு கிழவர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பேசியதை உத்தியோகபூர்வமான செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியுமா? தவறாக இருந்தால் பழி என் தலையில் விழும். துபாஷி உறுதியாகத் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

இரவு சரியாகத் தூங்கவில்லை. யாக்கோபு திரும்பி வந்து சுபேதார் முன்னால் நிற்பது போலவே கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது.

ஐப்பசி 23, வியாழன்

அரிசி வந்தது.

காலை பத்து நாழிகைக்கு ஓடைக்கு அப்பால் மணிச் சத்தம் கேட்டது. முப்பது மாடுகள், அறுபது மூட்டைகள். கொம்புக்குக் கொம்பு மஞ்சள் துணி. ஆயுதம் இல்லாத பதினைந்து ஆட்கள் ஓட்டி வந்தார்கள். சுவரின் மேல் நின்ற சிப்பாய்கள் கூச்சல் போட்டார்கள். ஒருவன் முழந்தாளிட்டுத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கும் அரிசி வாசனையில் வாய் ஊறியது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

துரை வெளியே வந்தார். எடுத்தவுடன் அவர் பார்த்தது மூட்டைகளின் வாயைத்தான். பழைய தையலைப் பிரித்துப் புதுச் சணலால் தைத்திருந்தது. ஒன்றல்ல, அறுபதும் அப்படித்தான். அவர் முகம் மடுவில் கள்ளி கிடந்த அன்று போல ஆயிற்று.

“ஒவ்வொரு மூட்டையையும் திறந்திருக்கிறார்கள். ஏன்?” என்று என்னைக் கேட்டார். “இது இவர்கள் வழக்கமா? உனக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்றேன்.

அவர் இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். வேறு என்ன சொல்வது? எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் அந்த அரண்மனை அடுப்பைப் பார்த்தவன் இல்லை.

அதற்குள் கொண்டம நாயக்கர் காவல்காரனைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஏதேதோ பேசினார். ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நானே தின்னுறேன், பச்சையாவே தின்னுறேன், பாருங்க” என்று அரிசியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு கிழவன் செத்து நூறு பேரைக் கொல்வதென்றால் பாளையக்காரனுக்கு லாபம்தான் என்றார் துரை. அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அறுபது மூட்டையையும் ஓடையில் கொட்டச் சொன்னார். வெள்ளம் போகிற ஓடை. சிப்பாய்கள் நகரவில்லை. சுபேதார் மீரான் சாயபு என்னிடம் வந்து, “ஒரு மூட்டைய வச்சு ஒரு நாள் பாப்போம்னு துரைகிட்டச் சொல்லுங்க துபாஷி. ஒரே நாள். கோழிக்குப் போட்டுப் பாப்போம்” என்று கெஞ்சினார். மீரான் சாயபு யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. துரையிடம் போனேன். சிப்பாய்கள் கீழ்ப்படியத் தயங்குகிறார்கள் என்று சொன்னேன். துரை கைத்துப்பாக்கியை எடுத்தார். பிறகு கொட்டினார்கள்.

மாடு ஓட்டி வந்தவர்கள் அக்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். தண்ணீர் கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியது. நாயக்கர் சேற்றில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். எங்கள் ஆட்களில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஐப்பசி 24, வெள்ளி

கரையில் சிந்திக் கிடக்கும் அரிசியை மைனாக்கள் நேற்றிலிருந்து கொத்தித் தின்கின்றன. எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல். ஒன்றும் சாகவில்லை. கொண்டம நாயக்கரும் சாகவில்லை.

துரையிடம் மைனாக்களைக் காட்டவில்லை. சிப்பாய்கள் சேற்றிலிருந்து அரிசியைப் பொறுக்குகிறார்கள். சுபேதார் அவர்களைப் பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐப்பசி 25, சனி

காலையில் வாசல் மரத்தில் ஓர் ஓலை குத்தியிருந்தது. நான்தான் படித்தேன்.

‘நாங்கள் உண்ட சோற்றை நீங்கள் வெள்ளத்தில் கொட்டினீர்கள். இனி நமக்குள் பேச்சு இல்லை. எங்கள் சிற்றப்பாவை நாளைப் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆளையும் முழு உடம்போடு அனுப்புகிறோம். எங்கள் பெரியவருக்கு ஏதாவது நேர்ந்தால், உங்கள் ஆளின் தலை மட்டும் வரும்.’

இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். இதையெல்லாம் நான் சரியாகவே செய்கிறேன். துரை, பார்த்தாயா, விஷம் பலிக்காததால் மிரட்டுகிறான் என்றார். நாயக்கரை விசாரிக்க வேண்டும், குற்றம் உறுதியானால் தூக்கு என்றார். எங்கள் அவில்தார் என்ன ஆவார் என்று கேட்டேன். அவன் ஏற்கெனவே செத்திருப்பான் என்றார். ஏற்கெனவே என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு கணம் மூச்சு லேசாயிற்று. அந்தக் கணத்தை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மத்தியானம் மைதானத்தில் விசாரணை. துரைக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் நான். எதிரே நாயக்கர், கை கட்டப்பட்டு. சுற்றி எல்லாச் சிப்பாய்களும். நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பெண்கள். ராகேலும் நின்றாள்.

“மூட்டைகளை ஏன் திறந்தீர்கள் என்று கேள்” என்றார் துரை.

கேட்டேன்.

நாயக்கர் என்னை வியப்போடு பார்த்தார். கோபம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

“என்னையா கேக்குறீங்க? உங்ககிட்டத்தான் சொன்னேனே! மூட்டைக்கு ஒரு பிடி எங்க அடுப்புல வேகும், அது பகை தீர்ற வழக்கம்னு உங்க வீட்டுல உக்காந்து சொன்னேனே! துரை காதுல போட்டு வைக்கிறேன்னு ஒத்துக்கிட்டீங்களே! சொல்லலியா? அய்யா, நீங்க சொல்லவே இல்லியா?”

நூற்றுப்பத்துப் பேரும் தமிழ் தெரிந்தவர்கள். தெரியாதவர் ஒருவர்தான், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்கிறான்?”

சுருக்கிச் சொன்னேன். சுருக்குவதும் துபாஷியின் வேலைதான்.

“மறுக்கக்கூட இல்லையா?” என்றார் துரை. எழுந்தார். “அப்படியானால் நாளை உச்சிப்பொழுதில்.”

அதையும் தமிழில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாயக்கர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசி 26, ஞாயிறு

காலை.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறவன் குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். விடிந்ததும் சுபேதார் துரையின் வாசலுக்குப் போனதைப் பார்த்தேன். கையை ஆட்டி, வானத்தைக் காட்டி, மூட்டை தைப்பதுபோல் சைகை செய்து, தன் ஆறு ஆங்கிலச் சொற்களையும் சொல்லிப் பார்த்தார். அவர் குடித்திருக்கிறார் என்று துரை நினைத்துக்கொண்டார். துரை ‘சீக்கிரம்’ என்றார். மீரான் சாயபு திரும்பி வரும்போது என் வாசலில் நின்று துப்பிவிட்டுப் போனார்.

மைதானத்தில் புளியமரத்தில் கயிறு போட்டாகிவிட்டது.

ராகேல் குளித்து, தலை வாரி, கோவிலுக்குப் போகும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் போன சுவடே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பானையை இழுத்தாள். பாதிதான் இருந்தது. எலி இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரிக் கொட்டகைக் கஞ்சி இந்த வாரம் கொஞ்சம் கெட்டியாக இருந்ததும் தெரியும்.

“எங்க எடுத்துட்டுப் போறே?”

“அவன் உங்களக் காட்டிக் குடுத்திருக்க மாட்டான்” என்றாள். பதில் மாதிரி இல்லை. “வாய்தான் பெருசு அவனுக்கு. அன்னிக்குப் போகும்போது என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? ‘அத்தான் பயந்த மனுஷன், அக்கா. சும்மா மிரட்டினேன். நீயே நைசா எடுத்துப் போட்டுடு’ன்னான்.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்காகத்தான் இந்தப் பானைய வச்சேன், ராகேல்.”

“எனக்காகன்னு சொல்லிச் சொல்லியே என் தம்பியக் குடுத்துட்டீங்க.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானம் செய்திருப்பேன். “நேத்து துரைகிட்ட என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேட்டுது. ‘அவருக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையாம்’னு சொன்னீங்க.”

பானையின் துணியை அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசி எடுத்து, நான் எழுதிக்கொண்டிருந்த மேசையில், இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு துணியை மறுபடி கட்டினாள்.

“இது நம்ம வீட்டுப் பிடி. வேகவச்சுச் சாப்பிடுங்க.”

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். எழுந்து தடுத்திருக்கலாம். அவள் மெலிந்தவள், பானை கனம். நான் தடுக்கவில்லை. இந்த நோட்டில் நான் செய்ததாக எழுதியவற்றில் இது ஒன்றுதான் நல்லது போலிருக்கிறது, அதுவும் செய்யாமல் விட்டதுதான்.

சன்னலிலிருந்து பார்த்தேன். அவள் மைதானத்தைக் குறுக்கே கடந்தபோது சிப்பாய்கள் வழி விட்டார்கள். துரையின் வாசல் தட்டியை சுபேதாரே தூக்கிப் பிடித்தார். அவள் பானையைத் துரையின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று பேச ஆரம்பித்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எங்கேயாவது தடுமாறுவாள், ஒரு சொல் கிடைக்காமல் நிற்பாள், அப்போது என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தடுமாறவில்லை. பிடி, அடுப்பு, ஒரே சோறு, சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டது, என் பெயர், பானை, தம்பி. எல்லாம் இருந்தது. வெங்காயமும் வெந்நீரும்தான் அவளுக்குத் தெரியும் என்று இத்தனை வருடம் நான் இருந்திருக்கிறேன். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

துரை என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு சிப்பாய்கள் நாயக்கரின் அறைப் பக்கம் ஓடுகிறார்கள். கையில் கத்தி இருக்கிறது, கட்டறுக்கத்தான் என்று நினைக்கிறேன். உச்சிப்பொழுதுக்கு இன்னும் ஆறு நாழிகைக்கு மேல் இருக்கிறது. வெயில் காய்ந்த வழியில் வேகமாக நடந்தால் பொழுது சாய்வதற்கு முன்னால் பாளையம் போய்ச் சேரலாம். யாக்கோபு முழு உடம்போடு வருவான். வரட்டும். நிஜமாகவே வரட்டும்.

இன்னும் நான்கு பேர் என் வீட்டை நோக்கி வருகிறார்கள், சுபேதார் முன்னால். வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறது. உலை வைத்துவிட்டேன், அரிசியும் போட்டுவிட்டேன். ஒரு பிடிதான். இன்னும் வேகவில்லை.